காலடியில் ஓர் அட்டைத் துண்டு: ஆன் ஆர்பர் நாட்குறிப்பு

2023 நவம்பர் 22, புதன்

நேப்பர்வில்லில் இருந்து மதியம் மூன்று மணிக்குக் கிளம்பினோம், நானும் மனைவியும். தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின நாள். சிகாகோவைச் சுற்றிய சாலைகள் எல்லாம் ஊர்ந்துகொண்டிருந்தன. கேரியைத் தாண்டவே இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. மொத்தம் 250 மைல்தான், எப்படியும் எட்டு மணிக்குச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்திருந்தோம். மிச்சிகனுக்குள் நுழைந்ததும் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் போய்விடும் என்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

கலமசூ நெருங்கும்போது டயர் காற்று விளக்கு எரிந்தது. இந்தக் குளிரில் காற்று சுருங்கிவிடும், பயப்பட ஒன்றுமில்லை என்று தெரியும். ஆனாலும் இருட்டில், தெரியாத ஊரில், அந்த மஞ்சள் விளக்கைப் பார்த்துக்கொண்டே ஓட்ட முடியவில்லை. ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். காற்றடிக்கும் இயந்திரம் குவார்ட்டர் காசு மட்டும்தான் வாங்கும். இரண்டு டாலருக்கு எட்டுக் காசு வேண்டும். எங்களிடம் ஒற்றை இருபது டாலர் நோட்டு. கடைக்குள் சில்லறை தீர்ந்துவிட்டது. பக்கத்தில் லாரிக்கு டீசல் போட்டுக்கொண்டிருந்தவர் நாங்கள் முழிப்பதைப் பார்த்துவிட்டு, தன் வண்டிக்குள் தேடி எட்டுக் காசை எண்ணிக்கொண்டு வந்தார். நோட்டை நீட்டினேன், கையால் தள்ளிவிட்டார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். ஆன் ஆர்பர் என்றேன். "சனிக்கிழமை ஆட்டத்துக்கா?" ஆமாம் என்றதும் அவர் முகமே மாறிவிட்டது. நான்கு டயருக்கும் அவரே காற்றடித்து, என் தோளில் தட்டி, "கோ ப்ளூ" என்று மிச்சிகன் ரசிகர்களின் கோஷத்தைச் சொல்லிவிட்டு லாரியில் ஏறிக்கொண்டார்.

அக்கா மகள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். வீட்டில் எல்லாருக்கும் அவள் பாப்பா. "மாமா, இந்தத் தடவை லீவுக்கு நான் அங்க வரல. நீங்களும் அத்தையும் இங்க வாங்க. ஒஹாயோ ஸ்டேட் மேட்ச் இருக்கு" என்று அக்டோபரிலேயே சொல்லிவிட்டாள். பக்கத்து மாநிலப் பல்கலைக்கழகத்தோடு மிச்சிகன் ஆடும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். அவளுடைய அறைத்தோழியின் தாத்தாவிடம் நான்கு சீசன் டிக்கெட் இருக்கிறது. டெக்சாஸில் இருக்கும் மகன் குடும்பம் இந்த வருஷம் வரவில்லை என்பதால் இரண்டு இடம் எங்களுக்கு. வெளியே பல மடங்கு விலைக்குப் போகும் டிக்கெட்டைப் பெரியவர் தான் வாங்கிய விலைக்கே கொடுத்தார்.

இரவு பத்தேகாலுக்கு வந்து சேர்ந்தோம். பாப்பா மிளகு ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்தபிறகுதான் விரல்களுக்கு உயிர் வந்தது.

நவம்பர் 23, வியாழன்

காலையில் ஊரே காலி. கடைகள் அடைத்திருந்தன. பாப்பா எங்களைப் பல்கலைக்கழகத்துக்குள் நடத்திக் கூட்டிப் போனாள். நடுவே ‘டயாக்’ என்கிற திறந்தவெளி. பல திசையிலிருந்து வரும் பாதைகள் கூடும் இடத்தில் தரையில் பித்தளை நிறத்தில் ஒரு பெரிய ‘எம்’ எழுத்து பதித்திருக்கிறார்கள். முதல் தேர்வு எழுதுவதற்கு முன்னால் அதை மிதித்தால் அந்தத் தேர்வில் தோற்றுவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. மூன்றாம் ஆண்டு வந்துவிட்டாள், இன்னும் பாப்பா அதைச் சுற்றிக்கொண்டுதான் போனாள். மாணவர் மன்றக் கட்டடத்தின் படியில், 1960 அக்டோபர் 14 அதிகாலை இரண்டு மணிக்கு ஜான் கென்னடி நின்று பேசிய இடத்தைக் குறித்து வைத்திருக்கிறார்கள். வெளிநாடுகளுக்குத் தொண்டர்களை அனுப்பும் அமைதிப் படை என்ற யோசனையை மாணவர்கள் முன்னால் வைத்தது அங்கேதான். அந்தப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். காற்று காதை அறுத்தது, எழுந்துவிட்டோம்.

மதியச் சாப்பாடு, தெற்கே சலீன் என்ற சிற்றூரில், தோழியின் தாத்தா வீட்டில். பெரியவருக்கு 74 வயது. அளந்துதான் பேசுகிறார். மகள் மிச்சிகனில் படித்தவர். மருமகன் டொலீடோக்காரர், ஒஹாயோ ஸ்டேட்டில் படித்தவர். கல்யாணமாகி 24 வருஷமாகியும் அவர் வாயால் ‘மிச்சிகன்’ என்ற சொல் வருவதில்லை. ‘வடக்கே இருக்கிற அந்த டீம்’ என்றுதான் சொல்கிறார். இந்த வாரம் கொலம்பஸில் அவர்களுடைய வளாகம் முழுக்கப் பெயர்ப்பலகைகளில் ‘எம்’ எழுத்தின் மேல் சிவப்பு நாடா ஒட்டி அடித்துவிடுவார்களாம். அவர் மகளே மிச்சிகனில் படிக்கிறாள். கட்டணம் கட்டுவது அவர்தான்.

வான்கோழி, மசித்த உருளைக்கிழங்கு, கிரான்பெரி, பூசணி பை. என் மனைவி மெதுவடை சுட்டுக் கொண்டுபோயிருந்தாள். அவர்கள் அதைக் கிரேவியில் தோய்த்துச் சாப்பிட்டார்கள், அதுவும் நன்றாகத்தான் இருந்தது. சாப்பிடும் முன் ஒவ்வொருவரும் இந்த வருஷம் எதற்கு நன்றி என்று சொல்ல வேண்டும். பெரியவர் முறை வந்தபோது, "இந்த மேசையில் இரண்டு புது ஆள்" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு இந்த ஆட்டம் தெரியாது. இந்த நாட்டுக்கு வந்து 14 வருஷம், டிவியில் ஓடும்போது கடந்துபோயிருக்கிறேன், அவ்வளவுதான். நாம் ஊரில் விளையாடிய கால்பந்து வேறு, இது வேறு. மருமகன் மேசையிலேயே பாடம் நடத்தினார். இரண்டு முட்கரண்டியை எதிரெதிரே வைத்தார். நடுவில் ஒரு கிரான்பெரி, அதுதான் பந்து. "நான்கு முயற்சி. அதற்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு. இல்லையென்றால் பந்து அடுத்தவனுக்கு." கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் டச் டவுன், ஆறு புள்ளி. அதற்குப்பின் கம்பத்துக்கு நடுவே உதைத்தால் இன்னும் ஒன்று. எட்ட முடியாது என்று தோன்றும்போது தூரத்திலிருந்தே உதைத்தால் ஃபீல்டு கோல், மூன்று. இதை வைத்துக்கொண்டே சனிக்கிழமை முழு ஆட்டத்தையும் பின்தொடர முடிந்தது.

இரண்டு மாநிலத்துக்கும் சண்டை ஆட்டத்தில் தொடங்கவில்லை. 1835இல் எல்லை ஊரான டொலீடோ யாருக்கு என்று இரண்டு பக்கமும் படை திரட்டி நின்றிருக்கிறார்கள். உயிர் ஒன்றும் போகவில்லை. ஒரு துணை ஷெரீப்புக்குப் பேனாக்கத்திக் குத்து, அதோடு சரி. கடைசியில் டொலீடோ ஒஹாயோவுக்குப் போயிற்று. அதற்கு ஈடாக வடக்கே ஏரிக்கு அப்பால் இருக்கும் மேல் தீபகற்பம் மிச்சிகனுக்கு. அப்போது அதை யாரும் மதிக்கவில்லை. பின்னால் அங்கே செம்பும் இரும்பும் வெட்ட வெட்ட வந்தது. இரண்டு பல்கலைக்கழகமும் முதலில் மோதியது 1897இல், மிச்சிகன் 34-0. மருமகன் இதையும் ஒளிக்காமல் சொன்னார்.

டிவியில் டெட்ராய்ட் லயன்ஸ், கிரீன் பே பேக்கர்ஸிடம் 29-22 என்று தோற்றுக்கொண்டிருந்தது. யாரும் அதற்கு வருத்தப்படவில்லை. எல்லார் மனமும் சனிக்கிழமையில் இருந்தது.

நவம்பர் 24, வெள்ளி

காலைச் சாப்பாடு ஃப்ளீட்வுட் டைனரில். பழைய ரயில் பெட்டி போல ஒடுங்கிய கடை, சுவரெல்லாம் ஸ்டிக்கர். ‘ஹிப்பி ஹாஷ்’ இங்கே பெயர் பெற்றது: துருவி முறுகலாக வறுத்த உருளைக்கிழங்கின் மேல் ப்ராக்கொலி, குடைமிளகாய், காளான், வெங்காயம், அதற்கு மேல் ஃபெட்டா சீஸ். ஒரு தட்டை இரண்டு பேர் சாப்பிடலாம். பரிமாறிய பெண் என் மனைவியின் மெல்லிய கையுறையைப் பார்த்துவிட்டு, "நாளைக்கும் இதுதானா? இது போதாது" என்று சொல்லி, நல்ல கையுறை எங்கே கிடைக்கும் என்று பில்லின் பின்புறம் எழுதிக் கொடுத்தாள். அப்படியே போய் வாங்கினோம். 18 டாலர்.

மதியம் ஜிங்கர்மேன்ஸ். 1982இல் இருந்து இருக்கும் சாண்ட்விச் கடை, வரிசை தெருவுக்கு வந்திருந்தது. சாண்ட்விச் இருபது டாலரைத் தொடுகிறது. விலையைப் பார்த்து மனைவி தயங்கினாள். கனமான ரொட்டியின் ஓடு மொறுமொறுவென்று உடைந்ததைப் பார்த்தபின் ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்டேட் தெரு முழுக்க மஞ்சளும் நீலமும். மஞ்சள் என்றால் நம் மஞ்சள் இல்லை, முற்றிய மக்காச்சோளத்தின் நிறம். அதை ‘மெய்ஸ்’ என்றே சொல்கிறார்கள். ஒரு கடையில் ‘ஹார்பாவை விடுங்கள்’ என்று எழுதிய பனியன் 35 டாலர். அது என்ன என்று பாப்பாவிடம் கேட்டேன். இந்த சீசனின் கதையை அவள் நடந்துகொண்டே சொன்னாள்.

ஜிம் ஹார்பா தலைமைப் பயிற்சியாளர். சீசனின் முதல் மூன்று ஆட்டத்துக்கும் அவர் களத்துக்கு வரவில்லை. ஆள் சேர்ப்பு விதி மீறல் விசாரணையை ஒட்டிப் பல்கலைக்கழகமே நிறுத்தி வைத்தது. அவர் இல்லாமலே மூன்றிலும் வென்றார்கள். பிறகு நெப்ராஸ்காவை 45-7, மினசோட்டாவை 52-10, இண்டியானாவை 52-7, மிச்சிகன் ஸ்டேட்டை அவர்கள் ஊரிலேயே 49-0. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது அக்டோபரில் இன்னொரு புகார் வெடித்தது. எதிரணியினர் ஓரத்தில் நின்று கையசைத்துக் காட்டும் குறிகளை, முன்கூட்டியே அவர்கள் ஆடும் ஊர்களுக்கு ஆள் அனுப்பிப் படம் பிடித்ததாகப் புகார். ஆட்டத்தின்போது எதிரியின் குறியைக் கண்டுபிடித்தால் அது கெட்டிக்காரத்தனம். வரப்போகும் எதிரியை அவர்கள் ஆடும் களத்துக்கே போய் உளவு பார்ப்பதுதான் விதியில் தடை. சம்பந்தப்பட்ட ஊழியர் விலகினார். நவம்பர் 10ஆம் தேதி, பென் ஸ்டேட் ஆட்டத்துக்கு முந்தின நாள், இந்த அணிகள் சேர்ந்து ஆடும் பிக் டென் கூட்டமைப்பு ஹார்பாவை மூன்று ஆட்டத்துக்குக் களத்துக்கு வரக் கூடாது என்று சொல்லிவிட்டது.

தடை சரியா தவறா என்று ஊரில் எல்லாருக்கும் ஒரு கருத்து இருக்கிறது. எனக்குத் தோன்றுவது இதுதான்: விதி மீறப்பட்டிருந்தால் தண்டனை வேண்டும், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் அந்தத் தண்டனையின் பாரத்தைத் தூக்கியது இருபது, இருபத்தொரு வயதுப் பையன்கள். மறுநாள் பென் ஸ்டேட்டில் இரண்டாம் பாதி முழுக்க, கணக்கில் ஏறும்படி ஒரு பந்துகூட எறியாமல், தொடர்ந்து 32 முறை ஓடியே முன்னேறி 24-15 என்று வென்றார்கள். அன்று பயிற்சியாளர் இடத்தில் நின்ற ஷெரோன் மூர் டிவி முன்னால் தேம்பித் தேம்பி அழுதிருக்கிறார். அடுத்த வாரம் மேரிலாண்டில் 31-24. அது பல்கலைக்கழகத்தின் 1,000ஆவது வெற்றி. எந்தக் கல்லூரி அணியும் அதுவரை அந்த எண்ணைத் தொட்டதில்லை.

"பிளேக் கோரம்னு ஒருத்தர் இருக்கார் மாமா, அவரைப் பாருங்க" என்றாள். போன நவம்பரில் முழங்கால் அடிபட்டு, ஒஹாயோ ஆட்டத்தில் இரண்டே முறை பந்தைத் தொட்டுவிட்டு வெளியேறியவர். அறுவைச் சிகிச்சை. தொழில்முறை ஆட்டத்துக்குப் போயிருக்கலாம்; போகாமல் திரும்பி வந்திருக்கிறார். 2021இலிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று ஆகியிருக்கிறது. அந்தப் பணத்தில் அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, பக்கத்து இப்சிலாண்டியில் ஏழைக் குடும்பங்களுக்குத் தேங்க்ஸ்கிவிங் வான்கோழி வாங்கிக் கொடுத்தது.

சாயங்காலம் ஸ்டேடியத்தை வெளியிலிருந்து பார்க்கப் போனோம். உலகத்தின் மிகப் பெரிய ஸ்டேடியங்களில் ஒன்று, 1,07,601 இருக்கை என்று சொல்லியிருந்தாள். வானளாவ நிற்கும் என்று நினைத்துப் போனால், பக்கவாட்டில் எழுப்பிய கட்டடங்களைத் தவிர மற்றதெல்லாம் தாழ்வாக இருந்தது. கம்பிக் கதவு வழியாகப் பாப்பா காட்டியபிறகுதான் புரிந்தது. 1927இல் கட்டும்போதே பெரும்பகுதியைத் தரைக்குள் இறக்கிவிட்டார்கள். நாம் நிற்கும் தெருமட்டம் மேல் வரிசை. களம் எங்கோ ஆழத்தில். எங்கள் பக்கத்து இறவைக் கிணற்றை வரப்பிலிருந்து எட்டிப் பார்ப்பது போல.

நவம்பர் 25, சனி

நண்பகல் பன்னிரண்டு மணிக்கு ஆட்டம். எட்டு மணிக்கே பெரியவரின் வேனில் கிளம்பிவிட்டோம். உறைநிலையை ஒட்டிய குளிர். ஸ்டேடியத்தைச் சுற்றியுள்ள வீடுகளில் முன்புறப் புல்வெளியை வண்டி நிறுத்தக் கொடுக்கிறார்கள். ஒரு சிறுமி 80 டாலர் என்று எழுதிய பலகையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். பெரியவர் 40 வருஷமாக ஒரே வீட்டில் நிறுத்துகிறார், அவரிடம் காசு வாங்குவதில்லை. பதிலுக்கு அவர் ஒரு குடுவை ஆப்பிள் சைடரும் டோனட்டும் கொண்டுபோகிறார். வண்டிகளின் பின்கதவைத் திறந்து வைத்து, அடுப்பு மூட்டி, தெருவெல்லாம் சமையல். ஒஹாயோவின் சிவப்புச் சட்டைக்காரர்களையும் கூப்பிட்டுச் சாப்பிட வைத்தார்கள். இந்த வாரமெல்லாம் கேட்ட பகைக் கதைகளுக்குப்பின் இதை நான் எதிர்பார்க்கவில்லை.

வாசலில் ஒரு தடங்கல். மனைவி துணிப்பையில் எலுமிச்சைச் சாதம் கட்டி எடுத்து வந்திருந்தாள். பையும் கூடாது, வெளிச் சாப்பாடும் கூடாது. பாப்பா இதை முந்தின நாளே சொன்னாள், கிளம்பும் அவசரத்தில் மறந்துவிட்டோம். வாசலில் நின்றவர் நிதானமாக, "வண்டியில் வைத்துவிட்டு வாருங்கள், இன்னும் நேரம் இருக்கிறது" என்றார். நான் மட்டும் ஓடினேன். போக 15 நிமிஷம், வர 15 நிமிஷம். எதிரே பல்கலைக்கழக பேண்டு வாத்தியக் குழு தெருவை அடைத்துக்கொண்டு வந்தது. ஒதுங்கி நின்றேன். மதுரையில் எதிர்சேவை பார்த்தவன் நான். இரு பக்கமும் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஜனங்கள் நின்ற விதம் அதையேதான் நினைவுபடுத்தியது. அவர்கள் வாசித்தது இந்த ஊரின் வெற்றிப்பாட்டு. 1898இல் சிகாகோ பல்கலைக்கழகத்தை 12-11 என்று வென்ற களிப்பில் ஒரு மாணவர் எழுதியது. அந்தச் சிகாகோ பல்கலைக்கழகம் 1939இல் பெரிய ஆட்டத்தையே விட்டுவிட்டது. கைவிடப்பட்ட அதன் ஸ்டேடியத்துப் பார்வையாளர் படிக்கட்டுக்குக் கீழேதான் 1942 டிசம்பர் 2ஆம் தேதி முதல் அணு உலை இயங்கியது. அங்கே கூட்டம் கூடி எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இங்கே 1975 நவம்பரிலிருந்து, கொரோனா வருஷத்தைத் தவிர, ஒரு லட்சத்துக்குக் குறைந்த கூட்டம் வந்ததே இல்லை.

மூச்சு வாங்க இடத்துக்கு வந்து சேர்ந்தேன். நீண்ட பெஞ்சு, ஒருவருக்கு ஒரு எண், கனத்த கோட்டோடு எல்லாரும் தோளோடு தோள் ஒட்டித்தான் உட்கார முடியும். பெரியவர் கோட்டுக்குள்ளிருந்து தட்டையாக மடித்த ஓர் அட்டையை எடுத்தார். ஏதோ வாங்கிய பெட்டியைப் பிரித்து நான்கு துண்டாக அறுத்திருக்கிறார். ஒரு துண்டில் ‘இந்தப் பக்கம் மேலே’ என்று காட்டும் அம்புக்குறி பாதி தெரிந்தது. உட்காரவா என்று கேட்டேன். "காலுக்கு" என்றார். குளிர் காற்றில் வருவதைவிடக் கீழே சிமெண்டிலிருந்துதான் ஏறுமாம். ஷூவுக்கும் தரைக்கும் நடுவே அட்டை இருந்தால் மூன்றரை மணி நேரம் தாங்கும். ஆளுக்கு ஒன்றைக் குனிந்து அவரே காலடியில் போட்டார். என் மனைவி ஷூவை அதன்மேல் வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

ஒரே சுரங்கவழியாக அணி வெளியே ஓடிவந்தது. இறக்கை வரைந்த தலைக்கவசம், 1938இலிருந்து அதே வடிவம். ஒவ்வொருவரும் துள்ளி ஒரு பதாகையைத் தொட்டுவிட்டு ஓடினார்கள். பெரியவர் முதன்முதலில் இதைப் பார்த்தது 1969 நவம்பரில், மாணவராக. யாராலும் வெல்ல முடியாது என்றிருந்த ஒஹாயோவை அன்று 24-12 என்று வென்றார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் பேச்சு நீண்டது.

இரண்டு அணியும் அதுவரை 11 ஆட்டம் ஆடி 11உம் வென்றவை. தேசிய வரிசையில் இரண்டாம் இடமும் மூன்றாம் இடமும். தோற்றவருக்கு சீசன் அநேகமாக அதோடு முடிந்தது. மிச்சிகன் பந்தைப் பறித்து, நான்காவது முயற்சியில் கோரம் ஒற்றைக் கஜத்தை முட்டிக் கடந்து முதல் டச் டவுன். ரோமன் வில்சன் இன்னொன்று. இடைவேளையில் 14-10. மூன்றாம் பகுதியில் 17-17. மருமகன் சிவப்புத் தொப்பியோடு எங்களுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். அவருடைய அணி முன்னேறும்போதெல்லாம் எழுந்து, சுற்றிலும் பார்த்து, கையை மெதுவாகத் தட்டிவிட்டு உட்காருவார். அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்புறம் அது நடந்தது. ஒரு குவியல் எழுந்து கலைந்தது, ஒருவர் மட்டும் எழவில்லை. ஜாக் ஜின்டர், 65ஆம் எண், அணித் தலைவர்களில் ஒருவர். பந்தைத் தூக்கி ஓடுகிறவர் இல்லை; ஓடுகிறவனுக்கு வழி திறந்துவிடுவதுதான் அவர் வேலை, அவர் பெயர் அறிவிப்பில் வருவதே அரிது. கால் மடங்கிய விதத்தை நான் பார்த்துவிட்டேன். இரண்டு எலும்பும் முறிந்துவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. அணி முழுக்கக் களத்துக்குள் வந்துவிட்டது.

ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேர். ஒரு சத்தம் இல்லை. எங்கோ கொடிக் கயிறு கம்பத்தில் அடிக்கும் சத்தம் கேட்டது. பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார், அந்தக் குளிரில். மருமகன் சிவப்புத் தொப்பியையும் கழற்றிவிட்டார். என் மனைவி என் கையைப் பிடித்து, "அவங்க அம்மா எங்கயாவது உட்கார்ந்து பார்த்துட்டிருப்பாங்களே" என்றாள். அவ்வளவு நேரம் எனக்கு அது ஒரு அணி, எண்கள், சட்டை நிறம். அந்த நிமிஷத்தில் அது பாப்பாவோடு வகுப்பில் உட்காரும் ஒரு பையன் ஆகிவிட்டது. வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகும்போது கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தது. முதலில் மாணவர் பகுதி, பிறகு எல்லாப் பக்கமும்.

அடுத்த முயற்சியிலேயே கோரத்தின் கைக்குப் பந்து. நடுவே ஒரு இடுக்கு திறந்தது. 22 கஜம், நேராகக் கோட்டுக்குள். ஓடி முடித்ததும் அவர் குதிக்கவில்லை. விரல்களால் ஆறு, ஐந்து என்று காட்டினார். எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. பெரியவர் உட்கார்ந்தபடியே முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். நான் எழுந்து கத்தியதில் தொண்டை கட்டிக்கொண்டது, அது அப்போது தெரியவில்லை.

முடிவு 30-24. ஆனால் சுலபமாக முடியவில்லை. கடைசி நிமிஷத்தில் ஒஹாயோ மிச்சிகன் பக்கத்துக்கு வந்துவிட்டது. ஒரு டச் டவுன் போதும், எல்லாம் தலைகீழாகிவிடும். 25 விநாடி மிச்சம் இருக்கும்போது எறிந்த பந்தை ராட் மூர் நடுவில் பிடித்துக்கொண்டார். மருமகன் எழுந்து, மாமனாரிடம் கையை நீட்டினார். பெரியவர் கையைப் பிடிக்காமல் அவரைக் கட்டிக்கொண்டார். தொடர்ந்து மூன்றாவது வருஷம் தோற்ற மனிதர்.

மாணவர்கள் களத்துக்குள் இறங்கிவிட்டார்கள். பாப்பா ஒரு மணி நேரம் கழித்து வேனுக்கு வந்தாள். குரல் சுத்தமாகப் போய்விட்டது, ஷூவைக் கவிழ்த்தபோது களத்திலிருந்த கருப்பு ரப்பர்த் துகள் கொட்டியது. எலுமிச்சைச் சாதம் வேனில் ஜில்லென்று கிடந்தது. பின்கதவில் உட்கார்ந்து காகிதத் தட்டில் எல்லாருக்கும் போட்டோம். மருமகன் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டார். தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டார். வேர்க்கடலையாகப் பார்த்து எடுத்துப் போட்டாள் என் மனைவி.

நவம்பர் 26, ஞாயிறு

பேச முடியவில்லை. பாப்பாவும் நானும் சைகையிலேயே விடைபெற்றோம். மிளகுப்பொடியைத் தேனில் குழைத்துப் பாட்டிலில் கொடுத்து அனுப்பினாள்.

பேட்டில் க்ரீக்கில் காபிக்கு நிறுத்தினோம். கெல்லாக் பிறந்த ஊர். பாப்பா வாங்கிக் கொடுத்த நீலத் தொப்பியைப் பார்த்துவிட்டு, கல்லாவில் இருந்த பாட்டி காபிக் காசை வாங்கும்போது "ஜின்டருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம்" என்று, சொந்தப் பேரனைப் பற்றிச் சொல்வதைப் போலச் சொன்னார். நான் தலையை மட்டும் ஆட்டினேன், குரல் இல்லை. மனைவிதான் அவரிடம் விசாரித்தாள்.

எல்லையில் போன ஒரு மணி நேரம் திரும்பக் கிடைத்தது. வீட்டில் பெட்டிகளை இறக்கும்போது டிக்கியில் அட்டைத் துண்டு இருந்தது. அம்புக்குறி இருந்த துண்டு. மனைவி பெரியவரிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள்.

2024 ஜனவரி 9, செவ்வாய்

இதை இங்கே சேர்க்காமல் இருக்க முடியவில்லை. டிசம்பர் 2ஆம் தேதி இண்டியானாபொலிஸில் அயோவாவை 26-0. புத்தாண்டு அன்று ரோஸ் பவுல் ஆட்டத்தில் அலபாமாவைக் கூடுதல் நேரத்தில் 27-20. நேற்று இரவு ஹூஸ்டனில் வாஷிங்டனை 34-13. பதினைந்து ஆட்டம், பதினைந்தும் வெற்றி. 1997க்குப் பிறகு முதல் தேசியப் பட்டம். கோரம் இந்த சீசனில் ஓடி எடுத்த டச் டவுன் 27.

ஆட்டம் முடியும்போது இங்கே இரவு பத்து மணிக்கு மேல். காலையில் ஆபீஸ், ஆனாலும் இரண்டு பேரும் சோஃபாவை விட்டு எழவில்லை. ஃபோன் அடித்தது, பாப்பா. சவுத் யூனிவர்சிட்டி தெருவில் நிற்கிறாள் போல. "மாமா" என்பது மட்டும் கேட்டது. அதற்குமேல் ஒரு வார்த்தை புரியவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் பாடும் சத்தம், நடுநடுவே யாரோ விசில். கத்திக் கத்தி ஏதோ சொல்லிப் பார்த்தாள். அப்புறம் அவளும் விட்டுவிட்டு ஃபோனைக் கூட்டத்தின் பக்கம் தூக்கிப் பிடித்தாள் போலிருக்கிறது. ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்தேன். சார்ஜ் தீர்ந்து அவள் பக்கம் அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.